எழுபத்து நாலு வயதில் 150 குதிரை

ஷோரூமுக்குள் நுழைந்ததும் அந்தப் பையன் எங்கள் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் "வாங்க சார்" என்றான். என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க உட்காருங்க, காபி வரும்" என்றான். காபி வந்தது, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு.

பணம் என்னுடையது. லைசென்ஸ் என்னுடையது. ஓட்டப் போகிறவனும் நான். இதை மாப்பிள்ளை எடுத்துச் சொன்ன பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான். திரும்பியவன், சின்னக் கார்கள் நிற்கிற மூலையைக் கை காட்டினான். "உங்களுக்கு இது வசதியா இருக்கும் அங்கிள். பார்க்கிங் ஈஸி."

நான் கேட்டது ஒன்றரை லிட்டர் டர்போ என்ஜின் போட்ட செடான். 150 குதிரைத்திறன். அவன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நான் கடன்பட்டவன்.

நம் வயதுக்காரர்கள் கார் வாங்கப் போனால் இதுதான் மரியாதை. வீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்று மாதம் அலைந்து வாங்கி முடித்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நல்ல விலைக்குக் கார் வாங்க நம்மைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இளைஞனுக்குச் சனி ஞாயிறு மட்டும்தான் லீவு. சாவியை வாங்கிப் படம் எடுத்துப் போட வேண்டும் என்ற துடிப்பு வேறு. நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணியும் ஒன்றுதான், அடுத்த மாதமும் ஒன்றுதான். வேண்டாம் என்று எழுந்து வந்தாலும் நஷ்டமில்லை.

ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குத் தெரிந்த ஒரு துரையிடம் பெஜோ 403 இருந்தது. கடற்கரைச் சாலையில் அதில் ஒரு முறை என்னை உட்கார வைத்தார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. சீட்டின் தோல் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பிறகு 1973-ல் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தேன். சைக்கிள், அப்புறம் சேத்தக் ஸ்கூட்டர், அப்புறம் பழைய மாருதி 800, ஆறாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்தபோது ஒரு சின்னப் புதுக் கார். தொண்ணூறுகளில் பிரீமியர் கம்பெனியோடு சேர்ந்து பெஜோ 309 நம் ஊருக்கு வந்தபோது என் சம்பளத்தில் அதன் படத்தைத்தான் பார்க்க முடிந்தது. சில வருடங்களில் அதுவும் நின்று போயிற்று.

என் மனைவி சொன்னது வேறு. "இந்தாங்க, அது ஆஸ்பத்திரிக்குன்னு வெச்ச பணம். முட்டி வலிக்கிற எனக்கும் சர்க்கரை இருக்கிற உங்களுக்கும் எத்தனை குதிரை வேணும்?" நியாயமான கேள்வி. ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு மூன்று கண்டிஷன் போட்டாள். ஆன்-ரோடு விலை 20 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் போகக் கூடாது. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. லைசென்ஸ் முடிகிற அன்றைக்குச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. எனக்கு எழுபத்தேழு வரை இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, தூரத்துப் பலகை நன்றாகத் தெரிகிறது. "இந்த வயசில் எதுக்கு" என்கிறவர்கள் அதை என் கண் டாக்டரிடம் போய்க் கேட்கட்டும்.

வேகத்துக்காகவா இந்தக் கார் என்றால், இல்லை. திண்டிவனம் ரோட்டில் 140-ல் போகிறவன் நானில்லை. ஆனால் சாலை ஒற்றையாக இருக்கிற இடங்களில் ஒரு லாரியைத் தாண்டும்போது எதிர்ப்பக்கத்தில் எத்தனை நொடி இருக்கிறோம் என்பதுதான் உயிர். என் பழைய கார் மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டும். எதிரே பஸ் வரும். பின் சீட்டில் மனைவி ஜெபம் சொல்வாள். டர்போ என்ஜினில் கால் வைத்ததும் 250 நியூட்டன் மீட்டர் இழுவை கீழ்ச்சுற்றிலேயே கிடைக்கிறது. தாண்டி உள்ளே வந்துவிடலாம். எஸ்.யு.வி. ஏன் இல்லை என்று மாப்பிள்ளை கேட்டார். உயரமான வண்டி வளைவில் சாய்கிறது, செடான் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஏறி இறங்க எஸ்.யு.வி. சுலபம்தான், மறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஷோரூமிலும் மனைவியைப் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன். ஒரு காரில் மூன்றாம் தடவையே "ஐயோ" என்றாள். அது பட்டியலிலிருந்து போயிற்று.

நம் பணத்துக்குள் கிடைப்பவை மூன்றுதான். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, இரண்டும் ஒரே என்ஜின், 150 குதிரை. ஹூண்டாய் வெர்னா டர்போ, 160 குதிரை. மூன்றுமே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. அதற்கு மேல் போனால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இருந்தது. 2025 அக்டோபரில் 100 கார் மட்டும் கொண்டுவந்து, ஒன்று 49.99 லட்சம் என்றார்கள். அதைப் படத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றில் எதை வாங்கினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் எந்த ஷோரூம் என்று நம்ம ஊரில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் கூட்டிப்போகிற இரண்டு கிலோமீட்டர் காலி ரோடு எதற்கும் உதவாது. நான் மரப்பாலம் சிக்னலுக்குத்தான் முதலில் போகச் சொன்னேன், மாலை ஆறு மணிக்கு, மாப்பிள்ளை ஓட்ட நான் பக்கத்தில். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்பது அங்கே தெரியும். இன்னொரு நாள் விடியற்காலையில் காலாப்பட்டு வரை நானே ஓட்டினேன். அப்புறம் இறங்கி, குனிந்து, பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கா டிரம் பிரேக்கா என்று பாருங்கள். இந்த விலையிலும் டிரம் வைத்து விற்கிறார்கள். டயர் என்ன கம்பெனி என்றும் பாருங்கள். இத்தனை குதிரையும் ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அகலத்தில்தான்.

இனி விலை.

நாங்கள் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். வணிகக் கடிதம் எழுதச் சொல்லித் தரும்போது வாத்தியார் 'தெவி' என்று ஒரு வார்த்தை சொன்னார். வேலை தொடங்கும் முன் கடைக்காரர் எழுத்தில் கொடுக்கிற மதிப்பீடு. ஒவ்வொரு ஐட்டமும் தனி வரியில் இருக்கும். வாங்குபவர் 'சம்மதம்' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பின் பெஞ்சுக்காரன், வகுப்பில் தேவி என்று யாரும் இல்லையே என்றான், அடி வாங்கினான். பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் குழாய் ரிப்பேருக்குக்கூட இன்றைக்கும் தெவி கேட்கிறான். நாம் இருபது லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு வாயால் பேரம் பேசுகிறோம். "கடைசியா எவ்வளவு சொல்றீங்க?" என்கிறோம். அவன் பத்தாயிரம் குறைக்கிறான், இரண்டு ஃப்ளோர் மேட் தருகிறான், நாம் ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வருகிறோம். முன்பு அந்தச் சின்னப் புதுக் கார் வாங்கியபோது நானும் இப்படித்தான் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால், நான் கேட்காத நீட்டிப்பு வாரன்டிக்கு நானே பணம் கட்டியிருந்தேன்.

இந்தத் தடவை பேரமே பேசவில்லை. சீல் போட்ட கொட்டேஷன் கேட்டேன். முதல் ஷோரூம் கொடுத்த தாளில் மொத்தம் 21,38,000. மனைவியின் கோட்டுக்கு 1,38,000 மேலே. அன்று இரவு அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, சிவப்பு இங்க் பேனா எடுத்தேன். கணக்குப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் பில் பாஸ் பண்ணியவன். வவுச்சர் இல்லாத செலவைப் பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் கை வைக்க அதிகம் இல்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து இந்த வகைக் காருக்கு வரி 28-ம் செஸ் 17-ம் சேர்த்து 45 சதவீதம் என்பது போய் 40 சதவீதம் ஆனது. அது எல்லாருக்கும் வந்த லாபம். ஷோரூம்காரர் தன் தள்ளுபடி மாதிரி அதைச் சொன்னால் புன்னகை செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். விஷயம் கீழே இருக்கிற சின்ன வரிகளில்.

இன்சூரன்ஸ் 78,400 என்று போட்டிருந்தது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், அதன் தொகையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 1,500 சி.சி. வரை 10,640. அதற்கு மேலே போனால் 24,596. இந்த என்ஜின்கள் 1,500 சி.சி.க்குக் கீழே நிற்பதில் உள்ள சௌகரியத்தைப் பாருங்கள். மீதி நம் சொந்த வண்டிக்கான பாகம், அதில்தான் கமிஷன் ஒளிந்திருக்கிறது. ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே கம்பெனி, அதே தேய்மானக் கழிவில்லாத பாலிசி, எங்கள் தெரு ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது 52,900. அந்த வரியில் மட்டும் 25,500.

ஹேண்ட்லிங் சார்ஜ் 12,500. "அத்தியாவசிய கிட்" 31,000. ஸ்டீயரிங் கவர், குப்பைக்கூடை, கதவு ஓர பிளாஸ்டிக் எல்லாம் அத்தியாவசியமாம். பெயிண்டுக்குப் பூச்சு 22,000.

மறுவாரம் மேனேஜரைப் பார்த்தேன். அறுபது நிமிடம் காக்க வைத்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஓரமாக உட்கார்ந்து காபி குடிக்கிற கிழவன் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். யார்டில் ஜூலையிலிருந்து இரண்டு வண்டி நிற்கிறது, டிசம்பர் 31-க்குள் பில் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் திட்டு விழும் என்று இரண்டு பையன்கள் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு வண்டி நான் கேட்ட நிறம்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். "ஹேண்ட்லிங் எல்லாருக்கும் உண்டு சார்" என்றார்.

"தாராளமா கொடுக்கறேன் தம்பி. ரசீது எந்தத் தலைப்புல போடுவீங்க?"

கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்தார். கிட், பூச்சு இரண்டும் போயின. இன்சூரன்ஸ் நான் வெளியே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். முகம் வாடியது, ஆனால் அடித்தார்.

இதற்குள் கையில் வேறு இரண்டு ஊர் ஷோரூம்களின் தாளும் இருந்தது. தமிழ்நாட்டு ஷோரூம் தாளை அப்படியே ஒப்பிடாதீர்கள். அங்கே 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், நம்ம புதுச்சேரியில் அதைவிட ரொம்பக் குறைவு. வரி வரியை அடித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஒப்பிட வேண்டும். அங்கே வாங்கினாலும் தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து இங்கே பதிவு செய்யலாம், நாம் உண்மையில் இங்கே குடியிருப்பவர்கள். குடியிருக்காதவர்கள் பொய் விலாசம் கொடுத்து நம் நம்பர் வாங்கி ஓட்டியதும், 2017-ல் கேரளாவில் அது வழக்கானதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் வெளி மாநிலத்தில் நம் பி.ஒய். நம்பரைப் பார்த்தாலே திருடனைப் போலப் பார்க்கிறார்கள். அது தனிக் கதை.

இன்னும் இரண்டு விஷயம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தேன். முழுப் பணமும் டெபாசிட்டில் இருக்கிறது என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. லோன் போட்டால் ஷோரூமுக்கு அதிலும் கமிஷன் உண்டு, ரொக்கம் என்றால் நம்மேல் ஆர்வம் குறையும். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் சேர்க்கவும் இல்லை. இரண்டையும் கலந்தால் எங்கே கொடுத்து எங்கே எடுத்தான் என்று நம் கணக்குக்கும் பிடிபடாது. அவர்கள் 1,40,000 என்றதை எங்கள் மெக்கானிக் மூலம் 1,85,000-க்கு விற்றேன்.

மிச்சம் இருந்தது ஜூலை வண்டி. அங்கேதான் மார்கழி வந்தது. நம் ஆட்கள் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால் ஆடியில் தள்ளுபடி உண்டென்று நமக்குத் தெரியும். மார்கழியின் முதல் பாதி வருடக் கடைசியோடு சேர்ந்து வருவதை ஏனோ கவனிப்பதில்லை. டிசம்பர் முடிந்தால் அந்த வண்டி 'போன வருடத்து வண்டி'. மறுவிற்பனையில் ஒரு வருடம் பழசாகவே எண்ணுவார்கள். மூன்று வருடத்தில் விற்கப் போகிறவன் இதற்கு யோசிக்க வேண்டும். நான் யாருக்கு விற்கப் போகிறேன்? என்னோடு முடியும், இல்லையென்றால் பேத்திக்குப் போகும். எனவே அவர்களுடைய அவசரம் முழுக்க எனக்கு லாபம். டிசம்பர் 29, திங்கட்கிழமை, ஒரே வண்டிக்கு 1,10,000 குறைத்து பில் போடச் சம்மதித்தார்கள்.

மனைவி, "மார்கழியிலயா?" என்றாள். பில் மார்கழியில், வண்டி தையில் என்று முடிவானது. மேனேஜருக்கு வேண்டியது பில்தானே.

பணம் கட்டும் முன் மெக்கானிக்கோடு யார்டுக்குப் போனேன். அவர்கள் விற்பனைச் சான்றாகத் தரும் ஃபாரம் 21-ல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், சேசிஸ் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2525 என்றால் 2025-ன் இருபத்தைந்தாவது வாரம். ஐந்து மாதம் நின்ற வண்டியின் பேட்டரி சோர்ந்திருந்தது. புதிது போட்டால்தான் கையெழுத்து என்றேன். போட்டார்கள்.

கடைசித் தாளில் ஏறத்தாழ 19,37,000. முதல் தாளுக்கும் இதற்கும் இரண்டு லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். நான் குரலை உயர்த்தவில்லை, ஒரு தடவைகூட "கடைசி விலை" கேட்கவில்லை. தாளின் அடியில் தமிழில் 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் எதற்கு என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

ஒன்று பென்ஷன்காரர்கள் நிறையப் பேர் விட்டுவிடுவது. 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். என்று பிடிக்கிறார்கள். அது செலவில்லை, நம் பெயரில் கட்டப்பட்ட வருமான வரி. 26ஏஎஸ்-ல் வந்திருக்கிறதா என்று பார்த்து ரிட்டர்னில் காட்டினால் வரியில் கழியும், அல்லது திரும்ப வரும். எனக்குப் பதினெட்டாயிரம் சொச்சம். பான் நம்பர் ஒரு எழுத்து தப்பாக அடித்திருந்தார்கள், அங்கேயே திருத்த வைத்தேன். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் நாலு வருடத்துக்கு முன் கார் வாங்கி, இது என்னவென்றே கேட்காமல் விட்டுவிட்டார். போன வாரம் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் வண்டி வந்தது. அதே பையன்தான் சாவியைக் கொடுத்தான். மனைவி எலுமிச்சம்பழம் நசுக்கினாள், மணக்குள விநாயகர் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் இரண்டுக்கும் போனோம், எங்கள் வீட்டில் அப்படித்தான். கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து மார்க் போடுங்கள் என்று அவன் கெஞ்சினான். போட்டேன். சின்னப் பையன், இப்போது என்னை "சார்" என்கிறான்.

மறுநாள் காலை ஆறரைக்குக் காலாப்பட்டு தாண்டி ஒரு தண்ணீர் லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே காலி. காலை லேசாக அழுத்தினேன், தாண்டி உள்ளே வந்துவிட்டேன். பக்கத்தில் மனைவி ஜெபத்தைத் தொடங்கியிருந்தாள், முடிக்க நேரமில்லை. "அவ்ளோதானா?" என்றாள்.